ஆறு ஏறிப் போன ஐந்து நாள்



விடுமுறை என்றவுடன் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சாமான் கட்டுவதுதான். சிறுவயதில் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனாலும் சரி, திருமணமான பின் பிள்ளைகளையும் கொண்டு கதிர்காமம், நுவரெலியா என்று போனாலும் சரி, அடுப்பு, சட்டி, மிளகாய்த்தூள், மாற்றுடுப்பு, காய்ச்சல் மருந்து என்று எல்லாவற்றையும் கட்டுவதும் அவிழ்ப்பதும் வீட்டுப் பெண்கள்தான். வீட்டில் வசதியோடு செய்கிற வேலையை வேறோர் ஊரில் வசதியில்லாமல் செய்வதற்குப் பெயர் சுற்றுலா என்று எங்கள் அம்மா சொல்லுவார்.

இந்த மாதம் எழுதப் போவது ஒரு விடுமுறையைப் பற்றித்தான். 2023 யூலை மாதம், இங்கிலாந்தில், தேம்ஸ் நதியில் ஒரு படகில் ஐந்து நாள் இருந்தோம். அக்கா, அத்தான், பெறாமகள், நான் என்று நாலு பேர்.

அக்கா 1985 ஆம் ஆண்டு கலியாணம் முடித்து லண்டனுக்குப் போனவர். முதலில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் இரவு வேலை. பிறகு ஓய்வு பெறும்வரை முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வேலை. வயோதிபர்களைத் தூக்கித் தூக்கி வலது தோள் பழுதாகிவிட்டது. இந்த 38 வருடத்தில் அவர் எடுத்த லீவெல்லாம் கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா, பிள்ளைகளின் பரீட்சை என்றே போனது. தாயின் 60 ஆவது பிறந்தநாளுக்கு எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று பெறாமகள் நினைத்திருந்தாள். அது 2020 ஆம் ஆண்டு. கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மூன்று வருடம் கழித்து நான் அங்கு போய் நின்ற நேரத்தில் அந்தக் கடனைத் தீர்க்கப் படகு பதிவு செய்தாள். "அம்மா, இதிலை நீங்கள் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை, தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்தால் சரி" என்றாள். அது எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தேம்ஸ் 346 கிலோமீற்றர் நீளமான ஆறு. குளோஸ்டர்ஷயரில் கெம்பிள் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு வயலில் பிறந்து, லண்டனைக் கடந்து வடகடலில் விழுகிறது. லண்டனில் பாலங்களின் கீழ் நாங்கள் படங்களில் பார்க்கிற கலங்கல் தண்ணீர் கடல் வற்று, பெருக்குக்கு உட்பட்டது. ரெடிங்டன் என்ற இடத்துக்கு மேலே கடலின் ஆட்சி இல்லை. அங்கிருந்து லெச்லேட் என்ற சிறு பட்டணம் வரை ஆற்றை அணைகள் கட்டிப் படி படியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் படகு ஏறி இறங்குவதற்கு ஒரு 'லொக்' உண்டு. ரெடிங்டனுக்குக் கீழே றிச்மண்டில் உள்ளதையும் சேர்த்தால் மொத்தம் 45. நாங்கள் போனது ஒக்ஸ்போர்ட்டிலிருந்து லெச்லேட் வரையான மேற்பகுதி. ஏறக்குறைய 50 கிலோமீற்றர், 12 லொக். ஏறும்போது 12, இறங்கும்போது 12. காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகிற தூரத்துக்கு எங்களுக்கு இரண்டரை நாள் பிடித்தது. இந்த ஆற்றில் மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது என்பது சட்டம். கரையில் நாயோடு நடந்து போகிறவர் எங்களை முந்திப் போய்க் கையசைப்பார்.

லொக் என்பதை எப்படி விளக்குவது? எங்கள் ஊர்க் குளத்துத் துருசைக் கண்டவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். இரண்டு பக்கமும் கல்லோ சீமெந்தோ கட்டிய ஒரு நீண்ட தொட்டி. மேல் முனையில் ஒரு சோடிக் கதவு, கீழ் முனையில் ஒரு சோடிக் கதவு. கதவுகளின் அடியில் சிறு துருசுகள். கீழேயிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் கீழ்க்கதவைச் சாத்திவிட்டு, மேற்பக்கத் துருசை மெல்லத் திறப்பார்கள். மேல் ஆற்றுத் தண்ணீர் தானாக வந்து தொட்டியை நிரப்பும், படகும் தண்ணீரோடு சேர்ந்து எழும்பும். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றானதும் மேற்கதவு இலகுவாகத் திறக்கும். இறங்குவதானால் இதற்கு மறுவளமாகச் செய்ய வேண்டும். இதில் பம்பி கிடையாது, மின்சாரமும் தேவையில்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்ற ஒரேயொரு உண்மையை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய படகை ஏற்றி இறக்குகிறார்கள்.

இந்த யோசனை ஐரோப்பியருடையதல்ல. 984 ஆம் ஆண்டில் சீனாவின் பெருங்கால்வாயில் சியாவோ வெயுவே என்ற அதிகாரி இப்படி இரட்டைக் கதவுத் தொட்டியைக் கட்டுவித்தார். அதற்கு முன்பு படகுகளைச் சரிவில் இழுத்து ஏற்றும்போது அவை உடைவதும் தானியம் களவு போவதுமாக இருந்ததாம். தேம்ஸ் நதிக்கு இது வந்து சேர 1630 கள் ஆயின. ஒக்ஸ்போர்ட்டுக்குக் கீழே இப்லி, சான்ட்போர்ட் என்ற இடங்களில் முதலில் கட்டினார்கள். அதுவரை ஆற்றுக்குக் குறுக்கே மாவரைக்கும் ஆலைக்காரர் கட்டிய அணைகளில் சில பலகைகளைக் கழற்றி விடுவார்கள். பாய்கிற வெள்ளத்தோடு படகு கீழே சறுக்கிப் போகும். மேலே ஏற வேண்டிய படகைக் கயிறு கட்டிச் சுற்றி இழுக்க வேண்டும். ஆலைக்காரருக்குத் தண்ணீர் வீணாகும், படகுக்காரருக்கு நாட்கணக்கில் காவல். எங்கள் ஊர்களில் வாய்க்கால் தண்ணீருக்கு நடக்கிற சண்டை போல அங்கேயும் நடந்திருக்கிறது.

திங்கட்கிழமை பின்னேரம் ஒக்ஸ்போர்ட்டில் பொலி பாலத்துக்குப் பக்கத்தில் படகு ஏறினோம். ஒடுங்கிய நீளமான படகு. அகலம் 7 அடிகூட இல்லை, நீளம் 60 அடி. உள்ளே ரயில் பெட்டி போல ஒரு நடைபாதை, கட்டில்கள், குளிக்கிற அறை, ஒரு சின்னக் குசினி. பின்பக்கத்தில் நின்றபடி சுக்கான் பிடிக்க வேண்டும். படகுக்காரப் பெடியன் அரை மணித்தியாலம் பாடம் எடுத்தான். அத்தான் வாங்கி வைத்திருந்த புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நேரே சுக்கானடிக்குப் போனார். அக்கா நேரே குசினிக்குப் போய் அலுமாரிகளைத் திறந்து பார்த்தார். இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை.

இதே பொலி பாலத்திலிருந்துதான் 1862 யூலை 4 ஆம் திகதி ஒரு வள்ளம் புறப்பட்டது. அதில் கணித ஆசிரியர் ஒருவரும் அவருடைய நண்பரும் மூன்று சிறுமிகளும் இருந்தார்கள். ஏறக்குறைய 5 கிலோமீற்றர் மேலே கொட்ஸ்டோ வரை வலித்துக்கொண்டு போகும்போது, ஒரு சிறுமி முயல் வளைக்குள் விழுந்த கதையை ஆசிரியர் கட்டிச் சொன்னார். நடுப்பிள்ளைக்கு 10 வயது, பெயர் அலிஸ் லிடெல். எனக்கு இந்தக் கதையை எழுதித் தாருங்கள் என்று அவள் விடாமல் கேட்டதால்தான் அது எழுத்தானது. 1865 இல் 'அற்புத உலகில் அலிஸ்' நூலாக வெளிவந்தது. ஆசிரியர் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரால் உலகப் புகழ் பெற்றார். கேட்டு வாங்கிய பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்றுதான் நான் நினைக்கிறேன்.

கொட்ஸ்டோவில் ஆற்றங்கரையில் இடிந்த மதில்கள் நிற்கின்றன. 12 ஆம் நூற்றாண்டில் ஒரு கைம்பெண் தொடக்கிய கன்னியர் மடம் அது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களையெல்லாம் மூடியபோது 1539 இல் அதுவும் போயிற்று. இப்போது மாடுகள் மேய்கின்றன. அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. மதிலைப் பார்க்க அக்காவைக் கூப்பிட்டேன். "சோறு வெந்துகொண்டிருக்கு, நீ பார்த்திட்டு வந்து சொல்லு" என்றார்.

ஒஸ்னி, கொட்ஸ்டோ என்ற முதல் இரண்டு லொக்குகளிலும் கதவை இயந்திரம் திறக்கிறது. பொறுப்பாளர் பொத்தானை அழுத்துவார், நாங்கள் முன்னும் பின்னும் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மூன்றாவதான கிங்ஸ் லொக்கிலிருந்து மேலே எல்லாம் கை வேலை. ஒவ்வொரு கதவுக்கும் எங்கள் கிணற்றுத் துலா மாதிரி ஒரு பெரிய மரம் கரைப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தள்ளித்தான் கதவைத் திறக்க வேண்டும். துருசை உயர்த்த ஒரு இரும்புச் சக்கரம். கோடையில் பகலில் பொறுப்பாளர் அல்லது தொண்டர் ஒருவர் நிற்பார். சாப்பாட்டு நேரத்திலும் காலை மாலையிலும் நாமே செய்துகொள்ளலாம் என்று பலகை தொங்கும். ஆள் நின்றாலும் அவர் ஒரு கதவு, நாங்கள் மறுகதவு.

கிங்ஸ் லொக்கில் அத்தான் படகைக் கரைக்கு அணைத்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு குசினியால் வந்து, கயிற்றோடு கரைக்குப் பாய்ந்து, மரத்தைத் தள்ளப் போனார். நானும் பெறாமகளும் பின்னால் ஓடினோம். அங்கு நின்ற பொறுப்பாளர் வயதான ஒரு வெள்ளைக்கார மனுசி. அக்கா கையால் தள்ளித் தோளைப் பிடிப்பதைக் கண்டுவிட்டு ஓடி வந்தார். "கையாலை தள்ளாதையுங்கோ. திரும்பி நின்று இடுப்பை மரத்திலை முட்டுக்கொடுத்துக் காலாலை பின்பக்கமா நடவுங்கோ" என்று செய்து காட்டினார். கதவு மெதுவாக அசைந்தது. தண்ணீர் மட்டம் ஒன்றாக முன்பு எவ்வளவு தள்ளினாலும் அசையாது என்றும் சொன்னார். பிறகு படகைப் பார்த்து, சுக்கானோடு நின்ற அத்தானைப் பார்த்து, எங்களிடம் மெல்லிய குரலில், "முப்பது வருசமா இஞ்சை நிக்கிறன், பத்துப் படகு வந்தால் ஒன்பதிலை இப்பிடித்தான்" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன். உண்மைதான். எதிரே வருகிற படகுகளில் தொப்பியோடு சுக்கான் பிடித்து நிற்கிறவர் ஆண். கயிற்றோடு பாய்கிறவர், சக்கரம் சுற்றுகிறவர், மரம் தள்ளுகிறவர், தள்ளிவிட்டு ஓடி வந்து ஏறுகிறவர் பெண். அவர் பிந்தினால் சுக்கானடியிலிருந்து சத்தம் வரும். இதில் வெள்ளைக்காரர், தமிழர் என்ற வேறுபாடு ஒன்றையும் நான் காணவில்லை.

கிங்ஸ் லொக்குக்கு மேலே வலது கைப்பக்கமாக ஒரு ஒடுங்கிய வாய்க்கால் பிரிந்து போகிறது. அது ஒக்ஸ்போர்ட் கால்வாய்க்குப் போகும் குறுக்கு வழி. நிலக்கரி கொண்டுவருவதற்காக வெட்டிய அந்தக் கால்வாய் 1790 இல் ஒக்ஸ்போர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. இப்போது விடுமுறைக்காரர் ஏறுகிற இந்த ஒடுங்கிய படகுகள் அந்தக் கால்வாய்ப் படகுகளின் வழி வந்தவைதான். ஒரு காலத்தில் அவை ஏழைக் குடும்பங்களின் வீடும் தொழிலுமாக இருந்தன. ரயில் வந்து 1840 களில் போட்டி தொடங்க, கூலி குறைந்தது. கரையில் வாடகைக்கு வீடு வைத்திருக்க இயலாமல் படகுக்காரர் மனைவி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். சம்பளமில்லாமல் இன்னொரு வேலையாளும் கிடைத்தது.

அந்தப் படகின் பின்பக்கத்தில் இருந்த அறை ஏறக்குறைய 10 அடி நீளம், 7 அடி அகலம். அடுப்பு, கட்டில், பெட்டி எல்லாம் அதற்குள். மிச்ச இடம் முழுவதும் கரி. அதற்குள்தான் சமையல், பிள்ளைப்பேறு, வருத்தம், மரணம். படகில் எந்திரம் பூட்டியபோது, பின்னால் எந்திரமில்லாத இன்னொரு படகைக் கட்டி இழுத்தார்கள். அந்தப் பின்படகின் சுக்கான் பெண்ணின் கையில். ஒரு கை சுக்கானில், மறு கை உருளைக்கிழங்கு உரிக்கும். தவழ்கிற பிள்ளை தண்ணீரில் விழாமலிருக்க அதன் இடுப்பில் கயிறு கட்டிப் புகைக்கூண்டில் முடிந்து விடுவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமில்லை, ஆகவே பெரியவர்களுக்கும் எழுத்து வாசனையில்லை. ஜோர்ஜ் சிமித் என்பவர் இதைப் பற்றி விடாமல் எழுதிப் பேசியதன் பலனாக 1877 இல் படகுகளைப் பதிவு செய்யவும் ஒரு படகில் எத்தனை பேர் வாழலாம் என்று வரையறுக்கவும் சட்டம் வந்தது. ஆனாலும் பள்ளிக்கூடப் பிரச்சினை அதற்குப் பின்னும் பல காலம் தொடர்ந்தது. ஸ்டோக் புறூவேர்ன் என்ற கிராமத்தில் மேரி வார்ட் என்ற தாதி 1962 வரை கால்வாய்க் கரையில் தன் வீட்டிலேயே படகுச் சனங்களுக்கு மருந்து கட்டி வந்தார். 'சிஸ்டர் மேரி' என்றால் அந்தச் சனங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஆண்கள் குறைந்துபோக, லண்டனுக்கும் பேர்மிங்காமுக்கும் இடையில் சரக்குப் படகு ஓட்டப் பட்டணத்துப் பெண்களைச் சேர்த்தார்கள். மூன்று பெண்களுக்கு இரண்டு படகு. போகும்போது உலோகம், வரும்போது கரி. அந்தக் கால்வாயில் 160 க்கு மேல் லொக். போய்வர ஏறத்தாழ மூன்று கிழமை. உள்நாட்டு நீர்வழியைக் குறிக்க அவர்கள் அணிந்த சின்னத்தில் இருந்த 'ஐ, டபிள்யூ' என்ற இரண்டு எழுத்துக்கும் 'சோம்பேறிப் பெண்கள்' என்று விரித்துப் பகிடி பண்ணினார்கள். அந்தப் பெண்களில் ஒருவரான சூசன் வுல்பிற் பிறகு எழுதிய நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார்.

இதையெல்லாம் செவ்வாய் இரவு படகை ஒரு வில்லோ மரத்தடியில் கட்டிவிட்டிருந்தபோது பெறாமகள் வாசித்துச் சொன்னாள். அக்கா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தி ஒருமுறை நின்றது, பிறகு ஓடியது.

மேலாற்றின் அழகைச் சொல்லாமல் விடக்கூடாது. எய்ன்ஷத்துக்கு மேலே ஊர் என்று சொல்ல அதிகமில்லை. இரு பக்கமும் புல்வெளி, வளைந்து வளைந்து போகிற ஒடுங்கிய ஆறு, தண்ணீரைத் தொடுகிற வில்லோக் கிளைகள், நீலக் கீற்றாகப் பறக்கிற மீன்கொத்தி. நோர்த்மூரில் இன்னமும் பலகையும் கட்டையுமாகக் கையால் கழற்றிப் பூட்டுகிற பழைய வகை அணையின் ஒரு பகுதி இருக்கிறது. லொக் பொறுப்பாளர்கள் பூந்தோட்டம் போடுவதில் ஒருவரையொருவர் வெல்லப் பார்ப்பார்கள். ஒவ்வொரு லொக்கிலும் றோசாவும் ஜெரேனியமுமாக இருந்தது. ஆற்றில் ஓட்டம் கூடினால் மஞ்சள் பலகையும், அபாயமென்றால் சிவப்புப் பலகையும் தொங்கவிடுவார்கள். சிவப்பைக் கண்டால் படகைக் கட்டிவிட்டு இருக்க வேண்டியதுதான். எங்களுக்கு மழை இருந்தாலும் பலகை தொங்கவில்லை.

புதன்கிழமை கடைசி லொக்கான சென்ற் ஜோன்ஸில் தாடிவைத்த ஒரு கிழவர் மண்வெட்டியோடு சாய்ந்து படுத்திருக்கும் சிலை இருக்கிறது. நதித் தந்தை தேம்ஸ் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு நதியெல்லாம் தாய், இவர்களுக்கு இது தந்தை. 1854 இல் லண்டன் பளிங்கு மாளிகைக்காகச் செய்த சிலை, கொஞ்சக் காலம் ஆறு பிறக்குமிடத்தில் இருந்து, 1974 இல் இங்கே வந்தது. லெச்லேட்டில் அன்று ஓய்வு.

வியாழன் காலையில் திரும்பி இறங்கத் தொடங்கினோம். பஸ்கொட் தாண்டியதும் கெல்ம்ஸ்கொட் கிராமம். வில்லியம் மொறிஸ் என்ற கவிஞரும் கலைஞரும் 1871 முதல் வாடகைக்கு எடுத்திருந்த கல்வீடு அங்கே இருக்கிறது. அவருடைய சுவர்த்தாள் கோலங்களைப் பலர் அறிவீர்கள். நான் போனது அவருக்காக அல்ல, அவர் வீட்டுப் பெண்களுக்காக. மனைவி யேன் ஒக்ஸ்போர்ட்டில் குதிரை லாயத் தொழிலாளி ஒருவரின் மகள். கைவேலையில் சூரி. மகள் மே 23 வயதில், 1885 இல், தகப்பனின் கம்பனியின் தையல் வேலைப் பகுதி முழுவதையும் பொறுப்பெடுத்தவர். கைவினைஞர் சங்கம் பெண்களைச் சேர்க்க மறுத்ததால் 1907 இல் பெண்களுக்கென்று தனியாக ஒரு கலைச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தகப்பனின் கட்டிலைச் சுற்றி மே வரைந்து, பெண்கள் தைத்த திரை இன்னும் அங்கே தொங்குகிறது. அக்கா அதற்கு முன்னால் நீண்ட நேரம் நின்றார். "இதைத் தைக்க எத்தனை இரவு போயிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானம் கிராப்டன் லொக். இறக்கம் ஏறத்தாழ 4 அடிதான். பொறுப்பாளர் சாப்பிடப் போயிருந்தார், பலகை தொங்கியது. நாங்களே செய்ய வேண்டும். படகு உள்ளே வந்து மேற்கதவு சாத்தியாயிற்று. அக்கா கீழ்க்கதவுச் சக்கரத்தில், பெறாமகள் மறுகரையில். நான் படகின் முன்கயிற்றோடு நின்றேன். பின்கயிறு அத்தானின் கையில். இறங்கும்போது கயிற்றை ஒருபோதும் முடியக் கூடாது, தண்ணீர் இறங்க இறங்கக் கையால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று முதல்நாளே சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அத்தானின் தொலைபேசி அடித்தது. கயிற்றைத் தூணில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுக் கதைக்கத் தொடங்கினார்.

அக்கா துருசைத் தூக்கினார். தண்ணீர் இறங்கியது. முன்பக்கம் என்னோடு இறங்கியது. பின்பக்கம் இறங்கவில்லை. முதலில் உள்ளே ஒரு கோப்பை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு படகு சுவரிலிருந்து விலகி ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது. அடுப்பில் இருந்த பருப்புச் சட்டி வழுக்கி விழுந்தது. கயிறு இறுகிக் கம்பி போல நின்றது. அத்தான் தொலைபேசியைப் போட்டுவிட்டு முடிச்சை இழுக்கிறார், பாரத்தில் இறுகிய முடிச்சு வருமா? நான் என் கயிற்றைப் பிடித்தபடி நின்றேனேயொழிய, எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"கயித்தை விடு! விடு கயித்தை!"

அக்காவின் குரல்தான். 38 வருடத்தில் அத்தானை அவர் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. 'இஞ்சேருங்கோ' என்ற சொல் தவிர வேறு சொல்லால் கூப்பிட்டும் கேட்டதில்லை. கத்திய அதே மூச்சில் சக்கரத்தைத் திருப்பித் துருசை இறக்கினார். மகளைப் பார்த்து மறுதுருசையும் மூடச் சொன்னார். தண்ணீர் நின்றது. பிறகு அந்தத் தோளோடு மேற்கதவுக்கு ஓடிப்போய் அங்குள்ள துருசை ஒரு சாண் அளவுக்குத் திறந்தார். தண்ணீர் மெல்ல ஏற, படகு நிமிர்ந்தது, கயிறு தளர்ந்தது, முடிச்சு கழன்றது. எல்லாமாக ஐந்து நிமிடமும் இராது. படகுக்காரப் பெடியன் தந்த சிறு புத்தகத்தை அக்கா ஒருவர்தான் முதலிலிருந்து கடைசிவரை வாசித்திருக்கிறார். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஒன்றைச் சொல்லி வைக்கிறேன்: யாராவது இப்படிப் போவதானால் ஏறும்போது இருக்கிற பயத்தை இறங்கும்போதும் வைத்திருங்கள். படகின் பின்புறம் மேற்கதவடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லில் குந்திவிடாமலும் பார்க்க வேண்டும். இறக்கத்தில்தான் ஆபத்து.

படகை வெளியே எடுத்துக் கட்டிய பின் அக்கா லொக் தோட்டத்து வாங்கில் போய் இருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. அத்தான் உள்ளே போய்ப் பருப்பைக் கூட்டித் துடைக்கிற சத்தம் கேட்டது. அரை மணித்தியாலம் கழித்து யன்னலால் தலையை நீட்டினார்.

"தேத்தண்ணி போடட்டே?"

"சீனி குறைச்சுப் போடுங்கோ" என்றார் அக்கா. மரியாதை திரும்பி வந்திருந்தது. தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை வாங்கிலேயே வைத்துவிட்டு எழும்பினார். "இனிச் சுக்கானை நான் பிடிக்கிறன்" என்றார்.

சுக்கான் பிடிப்பது பார்ப்பது போல லேசல்ல. தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். முன்பக்கம் மட்டும் திரும்புவதில்லை, நடுவில் குத்திய ஊசியில் சுழல்வது போல முழுப் படகும் சுழலும். பிரேக் இல்லை. நிறுத்த வேண்டுமானால் பின்னோக்கிப் போகிற விசையைக் கொடுத்துப் பொறுத்திருக்க வேண்டும். அக்கா முதல் வளைவில் வில்லோ மரத்துக்குள் கொண்டுபோய் விட்டார், என் தலையெல்லாம் இலை. இரண்டாவதில் எதிரே வந்த படகுக்காரர் கத்தினார். றட்கொட் பாலத்தைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் ஷிபோர்டுக்குக் கீழே உள்ள வளைவுகளில் வெட்டி வெட்டி எடுத்துக்கொண்டு போனார். தொப்பியும் அவர் தலைக்கு வந்துவிட்டது, யார் கொடுத்தது என்று நான் காணவில்லை. மழை விட்டு வெயில் எறித்தது. மகள் உள்ளே முட்டை பொரித்தாள். நான் ஒன்றும் செய்யாமல் முன்பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

வெள்ளி பின்னேரம் மீண்டும் கிங்ஸ் லொக். கை வேலையுள்ள கடைசி இடம். அந்த மனுசி அன்று இல்லை, பலகை தொங்கியது. அக்கா சுக்கானோடு நின்றார். அத்தான் கயிற்றோடு கரைக்கு இறங்கிப் போய், கையால் மரத்தைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மகள் போய் இடுப்பைக் கொடுத்துத் தள்ளுகிற முறையைக் காட்டினாள். திரும்பி நின்று, கால்களை ஊன்றி, முகம் சிவக்கத் தள்ளினார். கதவு மெல்ல அசைந்தது.

"சரியான பாரமப்பா!" என்றார். மூச்சு வாங்கியது. பிறகு மரத்தில் சாய்ந்தபடியே படகைப் பார்த்துக் கேட்டார்: "நீர் எப்பிடியப்பா இந்தத் தோளோடை இவ்வளவையும் தள்ளினனீர்?"

அக்கா மறுமொழி சொல்லவில்லை. கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, அவருடைய கண் அதிலேயே இருந்தது.